கிட்டத்தில் நிற்கும் மானுக்கு எந்தத் தோட்டா? வேகம் கூடினால் வரும் சிக்கல்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வெண்வால் மான் வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் திறக்கிறது. உரிமம் வாங்கிவிட்டு ரைஃபிள் தேடிக் கடைக்குள் நுழையும் புதியவர் முதலில் முட்டிக்கொள்வது எண்களில்தான். ஓர் அடுக்கில் .30-30, பக்கத்தில் .308, கீழே .350 லெஜண்ட், .44 மேக்னம், .45-70. எண் பெரிதாக இருந்தால் பலமும் பெரிதா? 400 கஜத்தில் மானை வீழ்த்தும் தோட்டா 40 கஜத்தில் இன்னும் நன்றாகத்தானே வீழ்த்த வேண்டும்?

இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அது எப்போதும் உண்மையல்ல. சில சமயம் நேர்மாறாகவே நடக்கும். காரணத்தைப் புரிந்துகொண்டால் எண்கள் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் ‘கிட்டம்’ என்றால் சுமார் 100 கஜத்துக்குள். ஒரு கஜம் 91 சென்டிமீட்டர். அடர்ந்த காட்டில் அதற்கு மேல் மான் கண்ணில் படுவதே அரிது.

முதலில் சொற்கள்

‘நெஞ்சில் தோட்டா பாய்ந்தது’ என்று செய்திகளில் படிக்கிறோம். பாய்வது தோட்டா அல்ல, குண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

1. தோட்டா: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. இந்த நான்கும் சேர்ந்த முழுப் பொருள்.

2. குண்டு: குழலை விட்டு வெளியே பறக்கும் உலோகத் துண்டு மட்டும். ஒரே வகைத் தோட்டாவில் பலவிதக் குண்டுகளைப் பொருத்தி விற்கிறார்கள்.

3. காலிபர்: குண்டின் குறுக்களவு, அங்குலத்தின் பின்னமாக. .308 என்றால் 0.308 அங்குலம்.

4. கிரெய்ன்: எடை அலகு. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 150 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 9.7 கிராம்.

5. அடி-பவுண்டு: குண்டு சுமந்துபோகும் ஆற்றலின் அலகு. எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். விளம்பரங்கள் வேகத்தைத் தூக்கிப்பிடிப்பது இதனால்தான்.

பெயர்களில் ஒரே விதியைத் தேடினால் கிடைக்காது. .30-30-இல் இரண்டாவது 30, தொடக்கத்தில் அதில் நிரப்பிய புகையில்லா வெடிமருந்தின் கிரெய்ன் அளவு. .45-70-இல் 70 என்பது கரும்பொடி வெடிமருந்தின் அளவு. .30-06-இல் 06 என்பது 1906ஆம் ஆண்டு. .44 மேக்னம் குண்டின் உண்மையான குறுக்களவோ 0.429 அங்குலம்தான். ஆகவே பெயரைப் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, குழலில் பொறித்திருப்பதும் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ‘கிட்டத்தட்ட ஒரே மாதிரி’ என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 துப்பாக்கியில் தவறிப் போட்டுச் சுட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும்.

குண்டு மானை எப்படிக் கொல்கிறது

திரைப்படங்களில் குண்டு பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவார். இயற்பியல் அதை அனுமதிப்பதில்லை. 170 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,200 அடி வேகத்தில் 70 கிலோ மானைத் தாக்கி உடலுக்குள்ளேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் உந்தம் மானுக்குக் கொடுக்கும் வேகம் மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. குண்டு அடித்து வீழ்த்தும் என்றால், அதே உந்தத்தைத் தோளில் வாங்கும் சுடுபவரும் அல்லவா விழ வேண்டும்?

மான் சாவது இரத்த இழப்பால். நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, பக்கவாட்டில் நிற்கும் மானில் 8 முதல் 10 அங்குலக் குறுக்களவு. குண்டு அதை ஊடுருவினால் மூளைக்குப் பிராணவாயு போவது சில நொடிகளில் நிற்கிறது. தண்டுவடத்திலோ மூளையிலோ பட்டால்தான் நின்ற இடத்திலேயே சரியும். நுரையீரல் இரண்டும் கிழிந்த மான்கூட 50, 100 கஜம் ஓடி விழுவது சாதாரணம்.

திறந்த வெளியில் அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். புதர்க் காட்டில் பத்தடி தாண்டியதும் மான் மறைந்துவிடும், தரையில் சிந்திய இரத்தத்தைத் தொடர்ந்துதான் தேட வேண்டும். எனவே கிட்டத்து வேட்டையில் குண்டு உள்ளே போனால் போதாது, மறுபக்கம் வெளியேயும் வர வேண்டும். மரத்தில் கட்டிய பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுபவருக்கு இது இன்னும் முக்கியம். குண்டு முதுகுப் பக்கமாக நுழைகிறது. வயிற்றுப் பக்கம் கீழ்த்துளை விழாவிட்டால் இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும், தரையில் தடம் விழாது.

அதாவது ஒரே குண்டு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். விரிந்து அகலமான காயம் உண்டாக்க வேண்டும், விரிந்த பிறகும் முழு உடலையும் துளைத்துப் போக வேண்டும்.

வேகம் விரிக்கும், வேகமே உடைக்கும்

இராணுவக் குண்டு விரிவதில்லை. செம்பு மேலுறை முனை வரை மூடியிருக்கும். 1890களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் முனை திறந்த குண்டுகள் செய்யப்பட்டு, அவை பெரும் சர்ச்சையாகி, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899 ஹேக் பிரகடனம் தடை செய்தது. வேட்டைச் சட்டமோ தலைகீழ். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மானுக்கு விரியும் குண்டுதான் கட்டாயம். மூடிய குண்டு ஊசி போலத் துளைத்துப் போய்விடும், மான் நீண்ட தூரம் ஓடி எங்கோ மெல்லச் சாகும்.

சாதாரண வேட்டைக் குண்டில் காரீய முனை வெளியே தெரியும். உடலில் பட்டதும் முனை மடங்கி, காளான் குடை போல விரிகிறது. எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிப்பது படும் நேரத்து வேகம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் உண்டு. கீழ் எல்லைக்குக் குறைந்தால் விரியாது. மேல் எல்லையைத் தாண்டினால் காளான் ஆவதற்குள் நொறுங்கித் துகளாகிவிடும். துகள்களுக்கு எடை இல்லை. தோள்பட்டை எலும்பில் பட்டால் அங்கேயே நின்றுவிடும்.

தொலைவில் சுடுபவரின் கவலை கீழ் எல்லை. கிட்டத்தில் சுடுபவரின் கவலை மேல் எல்லை. குழல் வாயை விட்ட கணத்தில்தான் குண்டின் வேகம் உச்சத்தில் இருக்கிறது, அதன் பிறகு காற்று அதைத் தின்றுகொண்டே போகிறது. .308 தோட்டாவின் 150 கிரெய்ன் குண்டு 50 கஜத்தில் இன்னும் நொடிக்கு 2,650 அடிக்கு மேல் பறக்கும். அதே தொலைவில் .30-30-இன் 170 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 2,050 அடிதான். இரண்டின் குறுக்களவும் 0.308 அங்குலமே. ஆனாலும் மெதுவான தோட்டாவுக்கென்று மென்மையாகச் செய்த குண்டை வேகமான தோட்டாவில் வைத்தால் கிட்டத்தில் அது உடைந்து போக வாய்ப்பு அதிகம்.

இந்தச் சிக்கலிலிருந்தே ஒரு தொழில் பிறந்தது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் மான் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லர், .300 மேக்னம் வகை வேகத் தோட்டாவால் சுட்டும் சேறு காய்ந்து அப்பியிருந்த மூஸின் தோளைக் குண்டுகள் ஊடுருவவில்லை என்று கண்டார். திரும்பி வந்து, நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் வைத்த குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து துளைத்துக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த வடிவம் இன்றும் விற்கிறது.

பின்னாளில் வேறு இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, காரீயத்தையும் மேலுறையையும் ஒட்டவைத்த குண்டு. மற்றது, காரீயமே இல்லாமல் முழுக்கச் செம்பில் கடைந்த குண்டு. செம்புக் குண்டு விரிவதற்கு நல்ல வேகம் தேவை, ஆனால் எளிதில் உடையாது. வேகத் தோட்டாவைக் கிட்டத்தில் பயன்படுத்துபவருக்கு இது பொருத்தமாகவே அமைகிறது. கலிஃபோர்னியாவில் வேறு வழியும் இல்லை. காரீயத் துணுக்குகள் கிடந்த இறைச்சியைத் தின்று காண்டார் கழுகுகள் செத்ததால், 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டு அங்கே மாநிலம் முழுவதும் தடை.

தோட்டாக்களை வரிசையில் நிறுத்தினால்

கீழே உள்ள வேகமும் ஆற்றலும் குழல் வாயில் அளந்த, வழக்கமான ஆலைத் தோட்டாக்களுக்கானவை. குழல் நீளத்தைப் பொறுத்துச் சற்று மாறும்.

1. .30-30 விஞ்செஸ்டர் (1895). 170 கிரெய்ன், நொடிக்கு 2,200 அடி, சுமார் 1,830 அடி-பவுண்டு. 100 கஜத்தில் ஏறக்குறைய 1,350 மிஞ்சும். பெரும்பாலும் கீழே நெம்புகோல் வைத்த, இலேசான, குட்டையான ரைஃபிளில் வருகிறது. புதருக்குள் நுழைந்து திரும்ப அதைவிட வசதியான வடிவம் குறைவு. ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்த ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டபடி. கூர்முனைக் குண்டு போட்டால், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதைப்பில் அது பிரைமரைக் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்க இடமுண்டு. அதனால்தான் தட்டை முனை. பிற்காலத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் கூர்முனை வைத்து ஹார்னடி நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கிட்டத்தில் அந்தக் கூர்முனையால் பெரிய லாபமில்லை.

2. .35 ரெமிங்டன் (1906). 200 கிரெய்ன், 2,080 அடி, சுமார் 1,920. .30-30-இன் சற்றுத் தடித்த உறவினர். வேலை அருமையாகச் செய்யும், ஆனால் இன்று பெட்டி கிடைப்பதுதான் பாடு.

3. .44 மேக்னம் (1950களின் நடுப்பகுதி). கைத்துப்பாக்கித் தோட்டாவாகப் பிறந்தது. நீண்ட குழலில் 240 கிரெய்ன் குண்டு 1,760 அடி வரை ஏறும், சுமார் 1,650 அடி-பவுண்டு. ஆனால் கட்டையான, மொட்டைக் குண்டு காற்றில் விரைவாகத் தளரும். 100 கஜத்தில் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். 75 கஜத்துக்குள் குறை சொல்ல முடியாது.

4. .45-70 (1873). அமெரிக்க இராணுவத்தின் பழைய தோட்டா. 300 கிரெய்ன் குண்டு சுமார் 1,880 அடியில் 2,350 அடி-பவுண்டு. விரியாவிட்டாலும் துளை பெரிது. மானுக்கு இது கொஞ்சம் அதிகம் என்பதே நியாயமான கணிப்பு. இதில் அதிக அழுத்தத் தோட்டாக்களும் விற்பதால், பழைய ரைஃபிளில் எதைப் போடலாம் என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

5. .243 விஞ்செஸ்டர் (1955). 100 கிரெய்ன், 2,960 அடி, சுமார் 1,950. உதைப்பு மிகக் குறைவு. குண்டு சிறிது, வேகம் பெரிது. மேலே சொன்ன உடையும் ஆபத்து முழுமையாகப் பொருந்துவது இதற்குத்தான். உறுதியான குண்டோடு வாங்கினால் சிறந்த தேர்வு, நரி சுடும் மெல்லிய குண்டோடு வாங்கினால் மோசமான தேர்வு. இரண்டு பெட்டியிலும் ‘.243’ என்றே இருக்கும்.

6. .308 விஞ்செஸ்டர் (1952). 150 கிரெய்ன், 2,820 அடி, சுமார் 2,650. எந்தத் தொலைவுக்கும் பொதுவானது. கிட்டத்தில் 165 அல்லது 180 கிரெய்ன் போல எடை கூடிய, வேகம் குறைந்த குண்டைத் தேர்ந்தால் தோள்பட்டை இறைச்சி இரத்தக்கட்டாகிப் பாழாவதும் குறையும்.

.30-30-இன் 1,830, .308-இன் 2,650 அடி-பவுண்டு என்ற வேறுபாடு காகிதத்தில் பெரிதாகத் தெரியும். 50 கஜத்தில் நுரையீரல் வழியாகப் போன இரண்டு குண்டுகளுக்கிடையே மான் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ‘மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு’ என்ற பழைய வாய்ப்பாடும் இயற்கை விதியல்ல, ஒரு தோராயம். ஆனால் சில இடங்களில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. கொலராடோ மாநிலம் மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெய்ன் எடையுள்ள விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆகியவற்றைக் கேட்கிறது. .223 அங்கே அந்த ஒரு வரியாலேயே வெளியேறிவிடுகிறது.

புதரைத் துளைக்கும் குண்டு

கனமான, மெதுவான, மொட்டை முனைக் குண்டு இலைதழையைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும், வேகமான சிறு குண்டு குச்சியில் பட்டால் திசைமாறும் என்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். ‘புதர்த் துப்பாக்கி’ என்றே ஒரு வகை விற்பனையாகிறது. குச்சிகளை நட்டுப் பின்னால் காகித இலக்கு வைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் கண்டது வேறு. எந்தக் குண்டும் விலகும். கனமானது சற்றுக் குறைவாக விலகலாம், நம்பும் அளவுக்கு அல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குச்சியில் உரசி ஒரே ஒரு பாகை திசைமாறினால், 20 கஜம் தள்ளி நிற்கும் மானில் குண்டு ஓரடி விலகிப் படும். நாம் குறிவைத்த பகுதியே 8 முதல் 10 அங்குலம்தான். நுரையீரலுக்குப் பதில் வயிறு கிழிந்த மான் இரவெல்லாம் தவித்துச் சாகும். இடைவெளி கிடைக்கும் வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பதைத் தவிர இதற்கு வேறு தோட்டா கிடையாது.

நேர்ச்சுவர்க் கூடு: சட்டம் பெற்ற பிள்ளை

.350 லெஜண்ட் போன்ற புதுப் பெயர்கள் திடீரென முளைத்ததற்குக் காரணம் மான் அல்ல, சட்டம்.

1. .308 போன்றவற்றின் கூடு புட்டி வடிவம். அகன்ற உடல், குறுகிய கழுத்து. நிறைய மருந்து, சிறிய குண்டு, அதிக வேகம். குறி தப்பினால் குண்டு வெகுதூரம் போகும்.

2. ஓஹையோ, இண்டியானா, அயோவா, மிச்சிகனின் தென்பகுதி ஆகியவை தட்டையான நிலமும் நெருங்கிய பண்ணை வீடுகளும் உள்ள இடங்கள். அங்கே மானுக்கு நெடுங்காலம் ஷாட்கன் எனப்படும் அகன்ற குழல் துப்பாக்கி வகையே வழக்கம்.

3. பிறகு ஓர் இடைவழி வந்தது. கழுத்தில்லாமல் நேராக நிற்கும் கூடுள்ள தோட்டாக்களுக்கு அனுமதி. வேகம் குறைவு, குண்டு சீக்கிரம் தரையிறங்கும், ஷாட்கனைவிடக் குறி துல்லியம், உதைப்பும் குறைவு. ஓஹையோ 2014இல் இதை ஏற்றது.

4. மிச்சிகன் வகுத்த விதி இன்னும் நுணுக்கம். காலிபர் .35 அல்லது அதற்கு மேல், கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலம். .45-70-இன் கூடு 2.1 அங்குலம் என்பதால், நேர்ச்சுவராக இருந்தும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

5. விஞ்செஸ்டர் 2019இல் கொண்டுவந்த .350 லெஜண்ட் இந்தச் சட்டகத்துக்குள் அளவெடுத்துத் தைத்தது. 180 கிரெய்ன், சுமார் 2,100 அடி. ரெமிங்டன் 2023இல் அறிவித்த .360 பக்ஹாமர் இன்னும் வேடிக்கை. பழைய .30-30 கூட்டின் கழுத்தை விரித்து நேராக்கி, நீளத்தை 1.80 அங்குலத்தில் நிறுத்தியது. நூற்றாண்டு தாண்டியும் கிட்டத்து மானுக்கு வேண்டிய ஆற்றல் எங்கே சுற்றினாலும் .30-30-இன் வாசலிலேயே வந்து நிற்கிறது.

மாநில விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. தோட்டா வாங்கும் முன் அந்தப் பருவத்து விதிப்புத்தகத்தைப் பார்ப்பது முதல் வேலை.

தோளும் காதும்

உதைப்பைத் தாங்குவது வீரத்தின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். உடல் அப்படி நினைப்பதில்லை. வலியை ஒருமுறை அறிந்த தோள், அடுத்தமுறை விசை அழுந்தும் முன்பே சுருங்கும், கண் மூடும், குழல் தாழும். 60 கஜத்தில் மானைத் தவறவிடுபவர்களில் பலருக்குக் காரணம் தோட்டாவின் பலக்குறைவு அல்ல, அதன் மிகுதி.

ஒரே எடை ரைஃபிளில் .243 மிக மென்மை, .30-30 அடுத்து, .308 நன்றாக உணரும்படி இருக்கும், அழுத்தம் கூட்டிய .45-70 அடிக்கும். இலேசான துப்பாக்கி தூக்கிச் செல்ல இன்பம், சுடும்போது துன்பம். மேலே சொன்ன எந்த ரைஃபிளின் ஓசையும் செவியை நிரந்தரமாகக் கெடுக்கும் 140 டெசிபலைத் தாண்டும், குழல் குட்டையாக ஆக ஆக இன்னும் கூடும். காதடைப்பு எந்தத் தோட்டாவுக்கும் தேவை.

பெட்டியை வாங்கிய பிறகு

1. 150 கிரெய்னில் குறி சரிசெய்த ரைஃபிளில் 170 கிரெய்ன் போட்டால் குண்டு வேறிடத்தில் படும். பயிற்சிக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என்று வாங்கினால், வேட்டைக்கானதை வைத்தே கடைசிச் சரிபார்ப்பைச் செய்ய வேண்டும்.

2. 100 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 200 கஜத்தில் .308 சுமார் 4 அங்குலம் தாழும், .30-30 சுமார் 8 அங்குலம், .44 மேக்னம் ஓரடிக்கு மேல். வயலோரத்தில் மான் நிற்கும் வாய்ப்பு இருப்பவர் இதை நினைவில் வைக்கலாம். காட்டுக்குள்ளேயே இருப்பவருக்குத் தேவையில்லாத கணக்கு.

3. மறுமுனையிலும் ஒரு சின்ன விஷயம். ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. 15 கஜத்தில் குண்டு அந்தக் கோட்டை எட்டியிருக்காது, ஓர் அங்குலம் கீழேதான் படும். நெஞ்சுக்கு அது பொருட்டில்லை. கழுத்தைக் குறிவைக்க நினைப்பவருக்குப் பொருட்டுதான்.

4. ஸ்கோப்பின் உருப்பெருக்கம் 4 மடங்குக்கு மேல் நின்றுவிட்டால் 25 கஜத்தில் கண்ணாடி முழுவதும் பழுப்பு மயிர் மட்டுமே தெரியும், தோள் எது தொடை எது என்று புரியாது. ஒன்று அல்லது இரண்டில் தொடங்கும் ஸ்கோப், அல்லது வெறும் இரும்புக் குறி. ஸ்கோப்பை எப்போதும் மிகக்குறைந்த எண்ணில் திருப்பி வைத்தே நடக்க வேண்டும். தூரத்து மானுக்குப் பெரிதாக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும், கிட்டத்து மானுக்குச் சிறிதாக்க நேரம் கிடைக்காது.